உதவப் போகும் வீட்டில் நட்பாவது எப்படி

ஒரு அகதிக் குடும்பத்துக்கு உதவ முன்வந்திருக்கிறீர்கள். நல்ல மனசு இருப்பதால்தான் வந்திருக்கிறீர்கள், அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் எழுத நினைப்பது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. கட்டில், மெத்தை, பாத்திரம் எல்லாம் கொண்டுபோய் இறக்கியாயிற்று. அவர்கள் சிரிக்கிறார்கள், நன்றி சொல்கிறார்கள், எதைக் கேட்டாலும் "சரி, சரி" என்கிறார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. மாதங்கள் ஓடியும் அப்படியே இருக்கிறது. பலர் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோகிறார்கள்.

நான் ஒரு சிறிய தன்னார்வக் குழுவில் பல வருடங்களாக இருக்கிறேன். பகலில் கணக்கு எழுதும் வேலை. மாலையிலும் விடுமுறை நாட்களிலும் புதிதாக வந்த குடும்பங்களைப் போய்ப் பார்ப்பேன். இத்தனை வீடுகளில் பழகியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: அந்த வீட்டின் முடிவுகள் அந்த வீட்டுக்காரர்கள் கையிலேயே இருக்கும்படி நாம் எவ்வளவு பார்த்துக்கொள்கிறோமோ, அந்த அளவுக்கு நம்மை நம்புவார்கள். வீட்டை விட்டு ஓடிவந்த நாளிலிருந்து அவர்களுடைய வாழ்க்கையில் எல்லா முடிவையும் வேறு யாரோ எடுத்திருக்கிறார்கள். எங்கே தூங்குவது, எந்த ஊருக்குப் போவது, எப்போது சாப்பிடுவது, எல்லாமே. அந்த வரிசையில் நாமும் போய் நிற்கக் கூடாது.

அவர்கள் ஏன் மனம் திறப்பதில்லை

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை யாரை அகதி என்கிறது தெரியுமா? இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, இந்த ஐந்தில் ஏதோ ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தால் சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவரை. அந்த அச்சம் உண்மைதான் என்று காட்டும் பொறுப்பு பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. காகிதம் எதையும் எடுத்துவர நேரமில்லாமல் கிளம்பியவர்களுக்கு வாய்ச்சொல்தான் சாட்சி. நடந்ததை ஒரு அதிகாரியிடம் சொல்லியிருப்பார்கள், அப்புறம் இன்னொரு அதிகாரியிடம், அப்புறம் வக்கீலிடம், டாக்டரிடம். ஒரு இடத்தில் செவ்வாய்க்கிழமை என்றும் இன்னொரு இடத்தில் புதன்கிழமை என்றும் வாய் தவறியிருந்தால் அதுவே சந்தேகத்துக்கு வழிவிடும். இவ்வளவையும் கடந்து வந்தவர்களிடம் நாமும் போய் உட்கார்ந்துகொண்டு "என்ன நடந்தது? எப்படி வந்தீர்கள்?" என்று தொடங்கினால், அவர்கள் கண்ணுக்கு நாமும் ஒரு விசாரணை அதிகாரிதான்.

அதனால் கடந்ததைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். இன்றைக்கு உள்ளதைக் கேளுங்கள். இரவு அறை குளிர்கிறதா, பஸ் நிறுத்தம் கண்டுபிடிக்க முடிந்ததா, மாடிக்காரர் எப்படி, பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா. இதற்கெல்லாம் பதில் சொல்வதில் ஆபத்து எதுவும் இல்லை. பழைய கதையை அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள், தோண்டாதீர்கள். நிறுத்திய இடத்தில் நீங்களும் நின்றுவிடுங்கள்.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உலக அகதிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தங்கள் நாட்டை ஒட்டிய நாடுகளிலேயே இருக்கிறார்கள் என்று ஐ.நா. அகதிகள் முகமையின் 2024ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. நீங்கள் சந்திக்கும் குடும்பமும் அப்படி ஒரு பக்கத்து நாட்டில், முகாமிலோ வாடகை அறையிலோ பல வருடங்கள் காத்திருந்துவிட்டு வந்திருக்கலாம். சின்னப் பிள்ளைகள் அங்கேயே பிறந்திருக்கலாம். அந்தப் பிள்ளையிடம் போய் "உன் சொந்த ஊர் ஞாபகம் வருதா?" என்றால் அது என்ன சொல்லும்? அது பார்த்தே இராத ஊர். "சொந்த ஊர்" என்று நாம் நினைப்பதை அவர்கள் மேல் ஏற்றிவைக்காமல், அவர்கள் எதைத் தங்கள் இடமாக நினைக்கிறார்கள் என்பதைப் போகப்போகத் தெரிந்துகொள்ளலாம்.

முதல் சந்திப்பு

சொல்லாமல் போகாதீர்கள். திடீரென்று கதவு தட்டப்படும் சத்தத்துக்குச் சில வீடுகளில் என்ன அர்த்தம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முன்கூட்டியே நாளும் நேரமும் கேட்டு, அவர்கள் சொன்ன நேரத்துக்குப் போங்கள். "வரலாமா?" என்று கேட்பதோடு "இந்த வாரம் வேண்டாம் என்றாலும் பரவாயில்லை" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் முறை இருவராகப் போவது நல்லது, அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. நான்கைந்து பேர் கூட்டமாகப் போய் நின்றால் அது பார்வையிடல் மாதிரி ஆகிவிடும்.

உள்ளே போனதும் அவர்கள் காட்டும் இடத்தில் உட்காருங்கள். காலணியைக் கழற்றுவதா வேண்டாமா என்பதை வாசலைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். எழுந்து அறைகளைச் சுற்றிப் பார்க்காதீர்கள். அந்த வீட்டுக்கு நீங்களே வாடகை ஏற்பாடு செய்திருந்தாலும், சாவி கொடுத்த நிமிடத்திலிருந்து அது அவர்கள் வீடு. அவர்களிடம் சொல்லாமல் ஒரு சாவியை நீங்கள் வைத்துக்கொள்வது கூடவே கூடாது.

நீங்கள் யார் என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். யார் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள், அது இன்னும் முக்கியம். நான் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "நான் அரசாங்க ஆள் இல்லை. உங்கள் அடைக்கல மனு விஷயத்தில் எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. நீங்கள் என்னிடம் சொல்வது எந்த அலுவலகத்துக்கும் போகாது. நான் எந்த மதத்துக்கும் ஆள் சேர்க்க வரவில்லை. இதற்குக் காசு கிடையாது. நான் வருவது பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடலாம், அதனால் உங்களுக்குக் கிடைக்கும் உதவி எதுவும் நிற்காது." கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் சிலர் மொழிபெயர்ப்பாளரைத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். நம்மைப் பகைத்துக்கொண்டால் வீடு போய்விடும், உதவித்தொகை போய்விடும் என்ற பயம் உள்ளே இருந்தால் அவர்கள் நமக்குச் சொல்லும் "சரி" எதுவுமே உண்மையான சரி இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு குழந்தையோ பெரியவரோ ஆபத்தில் இருப்பது தெரிந்தால் நாம் வாய் மூடி இருக்க முடியாது. அதையும் அப்போதே சொல்லிவிடுவது நேர்மை.

முக்கால் மணி நேரம் போதும். டீ கொடுத்தால் குடியுங்கள். அதை மறுத்துவிட்டு "உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்பது நம் பக்கத்தில் பரிவு, அவர்கள் பக்கத்தில் அவமரியாதை. அந்த வீட்டில் அவர்கள் உங்களுக்குக் கொடுக்கும் முதல் பொருள் அது.

பேச்சுக்கு நடுவில் ஒரு ஆள்

மொழி தெரியாத இடத்தில் எல்லோரும் முதலில் செய்வது பிள்ளையைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்வது. பிள்ளைகள் புது மொழியைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள் என்பது உண்மைதான். பால் எங்கே வாங்குவது என்று கேட்க அது போதும். ஆனால் அம்மாவின் கர்ப்பப்பைக் கோளாறைப் பற்றி டாக்டர் சொல்வதைப் பன்னிரண்டு வயதுப் பையன் வாயால் அம்மாவுக்குச் சொல்லவைப்பது கொடுமை. அப்பாவின் மனு நிராகரிக்கப்பட்ட கடிதத்தை மகள் படித்துச் சொல்லும்படி விடுவதும் அப்படித்தான். உடம்பு, பணம், சட்டம், குடும்பச் சண்டை, இந்த நான்கு விஷயங்களுக்குப் பிள்ளைகளை நடுவில் நிறுத்தாதீர்கள். மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு இருக்கிறதா என்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள். பல இடங்களில் போன் வழியாகவாவது ஒருவரைத் தருவார்கள், ஆனால் கேட்டால்தான் தருவார்கள்.

அதே மொழி பேசும் ஒருவர் கிடைத்துவிட்டால் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஒரே மொழிக்குள் இரண்டு பக்கம் இருக்கும். இவர்கள் யாருக்குப் பயந்து ஓடிவந்தார்களோ அந்தப் பக்கத்துக்காரராகக்கூட அவர் இருக்கலாம். அல்லது அதே சமூகத்தில் செல்வாக்கானவராக, இங்கே பேசியதை ஊரெல்லாம் பரப்பக்கூடியவராக இருக்கலாம். ஒருவரை அழைத்துப் போகும் முன் அவர் பெயரைக் குடும்பத்திடம் சொல்லி, "இவர் வரலாமா, வேறு ஆள் பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். காரணம் கேட்காதீர்கள். பெண்கள் பெண் மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும் என்றால் அதற்கும் விளக்கம் கேட்க வேண்டியதில்லை.

பேசும்போது மொழிபெயர்ப்பாளர் முகத்தைப் பார்க்காதீர்கள், அந்த அம்மாவின் முகத்தைப் பாருங்கள். "அவருக்கு என்ன வேண்டுமாம்?" என்று இன்னொருவரிடம் கேட்பதைவிட "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று நேராகக் கேளுங்கள். சின்ன வாக்கியமாகப் பேசிவிட்டு நிறுத்துங்கள். மொபைலில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலி பஸ் நேரம் சொல்ல, மழை வரும் என்று சொல்ல நன்றாக உதவும். மருந்து அளவுக்கும் சட்டக் கடிதத்துக்கும் அதை நம்பாதீர்கள்.

அப்புறம், பெயர். ஒவ்வொருவர் பெயரையும் அவர்கள் உச்சரிக்கிற மாதிரியே சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். கூப்பிட வசதி என்று சுருக்காதீர்கள். அரசுப் படிவங்களில் எழுத்து மாறி, குடும்பப் பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறிப் போய், பலர் தங்கள் பெயரையே பாதி இழந்துவிட்டுத்தான் வந்து சேர்கிறார்கள்.

சொன்ன சொல்

நம்பிக்கை எதில் வளர்கிறது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சின்ன வாக்கு கொடுங்கள், அதைச் சொன்ன நாளில் முடியுங்கள். "உங்கள் மனைவியை இங்கே வரவழைக்க ஏற்பாடு செய்கிறோம்" என்று உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வது பெரிய தீங்கு. அது உங்கள் கையில் இல்லை. "வியாழக்கிழமை ஐந்து மணிக்குள் அந்த எண்ணுக்குப் போன் செய்து கேட்டுவிட்டு உங்களுக்குச் சொல்கிறேன்" என்பது உங்கள் கையில் இருக்கிறது. வியாழக்கிழமை பதில் கிடைக்கவில்லை என்றாலும் ஐந்து மணிக்குக் கூப்பிட்டு "இன்னும் கிடைக்கவில்லை, திங்கட்கிழமை திரும்பக் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். இல்லை என்ற பதிலைக்கூட நேரத்துக்குச் சொல்பவரை அவர்கள் நம்புகிறார்கள். "பார்க்கலாம்", "முயற்சி செய்வோம்" என்ற சொற்களை இந்த வீடுகளில் நான் பயன்படுத்துவதே இல்லை. காத்திருந்து காத்திருந்து வந்தவர்கள் அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள்.

காகிதம்

இது எனக்கு நெருக்கமான விஷயம், கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். கணக்கு வேலை பார்ப்பவன் என்பதால் கடிதக் கட்டைப் பார்த்தாலே எனக்குக் கை நீளும். புதிதாக வந்த வீட்டில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லாக் கடிதங்களும் கிடக்கும். குடியேற்ற அலுவலகம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், மின்சாரக் கட்டணம், கூடவே பீட்சாக் கடையின் விளம்பரத் தாள். எது முக்கியம் எது குப்பை என்று தெரியாததால் ஒன்றையும் எறியாமல் வைத்திருப்பார்கள்.

ஒரு வீட்டில் அந்தப் பையை மேசையில் கொட்டி, நானும் அந்த வீட்டு அம்மாவும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் உட்கார்ந்தோம். உள்ளே பல அறைகள் உள்ள ஒரு ஃபைல் வாங்கிப் போயிருந்தேன். ஒவ்வொரு கடிதத்தையும் எடுத்து இது எங்கிருந்து வந்தது, இதில் கடைசித் தேதி என்ன, பதில் எழுத வேண்டுமா என்று மட்டும் சொன்னேன். எந்த அறையில் எதை வைப்பது என்பதை அவர் முடிவு செய்தார். மேலே ஒட்டும் சீட்டில் அவர் மொழியில், அவர் கையெழுத்தில் எழுதினார். எனக்கு அதில் ஒரு எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. அதற்குப் பிறகு எந்தக் கடிதம் வேண்டுமானாலும் நான் அவரிடம்தான் கேட்க வேண்டும், அவர்தான் எடுத்துத் தர வேண்டும். பள்ளிக் கடிதங்களை மருத்துவக் கடிதங்களோடு சேர்த்து வைத்திருந்தார். ஏன் என்று பிறகுதான் புரிந்தது, பையனுக்கு ஆஸ்துமா, இரண்டும் அவருக்கு ஒரே கவலை. நான் அடுக்கியிருந்தால் வேறு மாதிரி அடுக்கியிருப்பேன், அது என் ஃபைலாக இருந்திருக்கும்.

இதிலிருந்து சில நடைமுறை விஷயங்கள். அசல் ஆவணம் எதையும் உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமானால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். மொபைலில் படம் எடுத்தால் அனுமதி கேட்டு எடுங்கள், வேலை முடிந்ததும் அவர்கள் முன்னாலேயே அழித்துவிடுங்கள். கையெழுத்துப் போடும் தாளில் என்ன இருக்கிறது என்று அவர்கள் மொழியில் சொல்லப்படாதவரை கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள், அது சாதாரண நூலக அட்டைப் படிவமாக இருந்தாலும் சரி. மேல்முறையீட்டுக்கான காலக்கெடு சில நாடுகளில் மிகக் குறுகியது. அதனால் உறை பிரிக்காத கடிதம் ஒன்று கண்ணில் பட்டால் அன்றைக்கே தேதியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சட்ட ஆலோசனை மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். "இப்படிச் சொன்னால் சீக்கிரம் கிடைக்குமாம்" என்று எங்கோ கேட்டதைச் சொல்வது அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையோடு விளையாடுவது. பிரிட்டனில் தகுதியும் பதிவும் இல்லாதவர் ஒருவருக்குக் குடியேற்ற ஆலோசனை தருவது, காசு வாங்காமல் தந்தாலும், 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நீங்கள் இருக்கும் நாட்டில் விதி என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள், இலவச சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்ற முகவரியைக் கையில் வைத்திருங்கள். இதோடு இன்னொன்றையும் சொல்லிவையுங்கள்: ஐ.நா. அகதிகள் முகமை தன் எந்தச் சேவைக்கும் காசு வாங்குவதில்லை. பதிவு செய்து தருகிறேன், வேறு நாட்டுக்கு அனுப்பிவைக்கிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அது ஏமாற்று. இது தெரியாமல் கழுத்து நகையை இழந்தவர்கள் உண்டு.

அலுவலகத்துக்கு உடன் போனால், கவுண்டரில் அவர்கள் முன்னால், நீங்கள் ஒரு அடி பின்னால். அங்கே இருக்கும் ஊழியர் உங்களைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார், எப்போதும் அப்படித்தான் நடக்கும். "அவரிடம் கேளுங்கள்" என்று கையைக் காட்டிவிட்டு நில்லுங்கள். நேரம் அதிகம் ஆகும், ஆகட்டும்.

கொடுப்பதும் வாங்குவதும்

பழைய சாமான்களைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். உங்கள் வீட்டில் நீங்கள் போட்டுக்கொள்ள மாட்டாத சட்டையை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். என்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுங்கள், முடிந்தால் கடைக்குக் கூட்டிப் போய் அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள். பணமாகக் கொடுக்க வேண்டி வந்தால் தனி ஆளாகக் கொடுக்காமல் குழு வழியாகக் கொடுங்கள். உங்கள் கையிலிருந்து நேராகப் பணம் போனால் அடுத்த தடவை நீங்கள் வாசலுக்கு வரும்போது அந்தக் கடன்தான் முதலில் உள்ளே வரும்.

ஆனால் இதைவிட முக்கியம், அவர்களிடமிருந்து வாங்குவது. உண்மையாகவே உங்களுக்குத் தேவைப்படும் ஒன்றைக் கேட்க வேண்டும், சும்மா அவர்களைச் சந்தோஷப்படுத்துவதற்காக இல்லை. ஒரு வீட்டில் அந்த அம்மா முன்பு தையல் கடை வைத்திருந்தவர் என்று ஏதோ பேச்சில் தெரிந்தது. அடுத்த முறை என் அலுவலகப் பையை எடுத்துக்கொண்டு போனேன், ஜிப் பிய்ந்து பல நாளாகிவிட்டது. வாங்கிப் பார்த்தார். விரலால் ஜிப்பின் பல்லைத் தடவினார். முதல் முறையாக எனக்கு உத்தரவு போட்டார்: "இது சரிப்படாது, ஜிப் மாற்றணும். இதே அகலத்தில் வாங்கிட்டு வா, இரும்புப் பல் வேணும், பிளாஸ்டிக் வேண்டாம்." வாங்கிப் போனேன். நான் கொண்டுபோனது ஒரு விரற்கடை நீளம் கூட என்று நாக்கைத் தட்டிச் சத்தம் செய்துவிட்டு வெட்டிச் சரி செய்தார். பையைத் திருப்பிக் கொடுத்தபோது அதன் அடிப்பக்கத் தையலும் புதிதாக இருந்தது, நான் கேட்காதது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் "சார்" இல்லை, அவருடைய தம்பி வயதுக்காரன். என்னைக் கண்டிக்கவும் செய்தார்.

டாக்டர், ஆசிரியர், கொத்தனார், விவசாயி, நான்கு பிள்ளைகளை வளர்த்த பாட்டி, யாராக இருந்தாலும் அவர்களிடம் தேர்ந்த கை ஒன்று இருக்கும். புது நாட்டில் அவர்கள் சான்றிதழ் செல்லாமல் போகலாம், கை செல்லாமல் போகாது. அதைத் தேடுங்கள்.

பிள்ளைகள்

பிள்ளைகளோடு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளலாம், அதுதான் அதில் உள்ள சிக்கல். பெற்றோரைத் தாண்டிப் பிள்ளைக்கு எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். கொடுக்க நினைத்ததை அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுத்து, அவர்கள் கையால் பிள்ளைக்குப் போகட்டும். பள்ளியிலிருந்து வரும் செய்தி முதலில் பெற்றோர் காதுக்குப் போக வேண்டும். புது மொழி தெரிந்த பிள்ளை வீட்டில் பெரிய ஆளாகவும், தெரியாத அப்பா சின்ன ஆளாகவும் ஆகிப்போவது இந்த வீடுகளில் நடக்கிற ஒன்று. அதை இன்னும் வேகப்படுத்தும் எதையும் நாம் செய்யக் கூடாது. பிள்ளையோடு தனியாக ஒரு அறையிலோ காரிலோ இருப்பதைத் தவிருங்கள். இது உங்கள் குணத்தைப் பற்றிய சந்தேகம் இல்லை, எல்லோருக்கும் பொதுவான விதி என்பதால்தான் அதற்கு மதிப்பு.

துக்கம் வரும் நாட்கள்

சில நாட்களில் போனால் வீடே அமைதியாக இருக்கும். ஊரிலிருந்து செய்தி வந்திருக்கும். அல்லது செய்தி வராமல் இருக்கும், அது இன்னும் மோசம். அண்ணன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் வருடக்கணக்காக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செத்தார் என்று தெரிந்தால் அழுது முடிக்கலாம். இவர்கள் அழவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது. பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் 1970களிலேயே இதைத் தனி வகைத் துயரமாக, முடிவு தெரியாத இழப்பாக விளக்கியிருக்கிறார். இப்படிப்பட்டவர்களிடம் "நம்பிக்கையோடு இருங்கள், வந்துவிடுவார்" என்றும் சொல்லாதீர்கள், "மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்றும் சொல்லாதீர்கள். இரண்டுமே நமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி சொல்வது. பக்கத்தில் உட்காருங்கள். பாத்திரம் கழுவ வேண்டியிருந்தால், கழுவட்டுமா என்று கேட்டுவிட்டுக் கழுவுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வேறு அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி மூன்று வேலைகளைத்தான் சொல்கிறது: பார்ப்பது, கேட்பது, தேவையான இடத்தோடு இணைத்துவிடுவது. நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. நாள் கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வருகிறது என்றால் அது நம் கையை மீறியது. தயங்காமல் மருத்துவரிடம் கொண்டுசேர்க்க வேண்டும். காணாமல் போன உறவினரைத் தேட, செஞ்சிலுவை மற்றும் செம்பிறை அமைப்புகள் பல நாடுகளில் இலவசமாக உதவுகின்றன. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று ஒரு முறை சொல்லுங்கள். தேடுவதா வேண்டாமா, எப்போது என்பது அவர்கள் முடிவு. சிலருக்குத் தேடப் பயம் இருக்கும், விடை தெரிந்துவிடுமோ என்று.

படம் வேண்டாம்

அவர்கள் படத்தைச் சமூக வலைத்தளத்தில் போடாதீர்கள். முகம் தெரியாமல் போட்டாலும், வீட்டு வாசல், பிள்ளையின் பள்ளிச் சீருடை, பின்னால் தெரியும் கடைப் பலகை போதும் கண்டுபிடிக்க. ஊரில் இருக்கும் தம்பிக்கு, அப்பாவுக்கு அதனால் ஆபத்து வரலாம். "அவர்களே சரி என்றார்கள்" என்பது போதாது. உதவி செய்பவர் கேட்டால் வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று முன்பே சொன்னேன். அவர்கள் கதையை உங்கள் நண்பர்களிடம் சொல்வதும் இதே கணக்கில்தான் வரும். கண்ணீர் வரவழைக்கும் கதையாக இருந்தால் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். அது உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

எதுவரை

இரவு பதினோரு மணிக்கு வரும் எல்லா அழைப்பையும் எடுத்தால் சில மாதங்களில் நீங்கள் களைத்துப்போய் ஒரேயடியாக நின்றுவிடுவீர்கள். இருந்து திடீரென்று இல்லாமல் போகிறவர்களை அவர்கள் ஏற்கனவே நிறையப் பார்த்துவிட்டார்கள். அதனால் எந்த நாள், எந்த நேரம் உங்களைக் கூப்பிடலாம், அவசரத்துக்கு எந்த எண், நீங்கள் இல்லாதபோது குழுவில் யார் என்று ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை, ஆனால் தவறாமல். அதுதான் நிற்கும்.

கோபமும் வரும், எதிர்பாருங்கள். நீங்கள் கஷ்டப்பட்டு வாங்கிய அப்பாயின்ட்மென்டுக்கு அவர்கள் போகாமல் இருந்துவிடலாம். நீங்கள் பார்த்துவைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லலாம். உங்களுக்குப் பிடிக்காத முறையில் பணத்தைச் செலவு செய்யலாம். ஊரில் உள்ள அம்மாவுக்குப் பாதிக்கு மேல் அனுப்பிவிட்டு இங்கே இறுக்கிப் பிடித்து வாழ்பவர்கள் நிறையப் பேர். அது அவர்கள் கணக்கு. என்னிடம் கருத்துக் கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் சொல்ல மாட்டேன். உங்களிடம் ஒருவர் முதல் முறையாக "வேண்டாம், எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொன்னால், அன்றைக்குச் சந்தோஷப்படுங்கள். அந்த வாய் திறக்கத்தான் இத்தனை நாள் போய்வந்தீர்கள்.

வேலை கிடைத்து, மொழி பழகி, அவர்களுக்கென்று ஆட்கள் சேர்ந்த பிறகு உங்கள் போனுக்குப் பதில் வருவது குறையும். நல்ல அறிகுறி. பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாத மாதிரி ஒரு செய்தி அனுப்புங்கள்: "எல்லோரும் நலமா? அவசரம் ஒன்றுமில்லை. சனிக்கிழமை காலையில் நூலகத்தில் இருப்பேன், வந்தால் பார்க்கலாம்." பண்டிகை நாளை ஞாபகம் வைத்து ஒரு வாழ்த்து, அவ்வளவு போதும். வேறு ஊருக்குக் குடிபோகிறார்கள் என்றால், அங்கே இருக்கும் தன்னார்வலர்களுக்கு அவர்கள் எண்ணைக் கொடுக்காதீர்கள். அந்தத் தன்னார்வலர்களின் எண்ணை இவர்களிடம் கொடுங்கள். கூப்பிடுவதா வேண்டாமா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.